பொன்னம்மா வைக்காத நேர்த்தி

ஐந்தாம் வகுப்புக்கு யாழ்ப்பாணக் குடாநாட்டின் படத்தைக் கரும்பலகையில் கீறிக்கொண்டிருந்தபோது செய்தி வந்தது. என் மனைவி வருத்தமாய்க் கிடந்த மிஷன் ஆஸ்பத்திரியில் வேலை செய்யும் ஒருவர் சைக்கிளை மதிலில் சாத்திவிட்டு வகுப்பு வாசலில் வந்து நின்றார். கடைக்கண்ணால் அவரைக் கண்டுவிட்டேன். “வாத்தியார்” என்று மெல்லக் கூப்பிட்டார். “ஓம், ஒரு நிமிஷம்” என்றேன், திரும்பாமலே. காரைநகரைக் கீறினேன். வேலணையைக் கீறினேன். புங்குடுதீவு, நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவு என்று ஒன்றையும் விடவில்லை. பாடத்துக்கு அவ்வளவும் தேவையில்லை. திரும்பினால்தானே அவர் வாய் திறப்பார்! நெடுந்தீவையும் கீறி முடித்து, இனிக் கீறத் தீவு இல்லை என்றான பிறகுதான் திரும்பினேன். “அம்மா காலமை ஏழரைக்குப் போயிட்டா” என்றார் அவர்.

சபையாரே, அயலவர்களே, நான் இப்படிப்பட்டவன். இது உங்களில் பலருக்குத் தெரியும். எவ்வளவு தூரம் என்பது தெரியாது. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

இன்று முப்பத்தோராம் நாள் செபக் கூட்டம். என் மனைவி எஸ்தர் பொன்னம்மாவின் வாழ்க்கையைப் பற்றி இரண்டு பக்கம் எழுதிக்கொண்டு வரும்படி போதகர் ஐயா கேட்டார். நானும் எழுதினேன். உடுவிலில் பிறந்தாள், அங்கேயே பெண்கள் விடுதியில் தங்கிப் படித்தாள், பண்டத்தரிப்புக்கு மணமுடித்து வந்தாள், அன்பான மனைவி, அருமையான தாய், பக்தியுள்ள கிறிஸ்தவப் பெண். எழுதி முடித்து வாசித்துப் பார்த்தால் எனக்கே வெட்கமாய் இருந்தது. இதை எந்தப் பெண்ணுக்கும் வாசிக்கலாம். அதோடு, ‘பக்தியுள்ள’ என்ற சொல்லைக் கேட்டதும் உங்களில் பாதிப்பேர் ஆளையாள் பார்ப்பீர்கள் என்பதும் எனக்குத் தெரியும். அடக்கம் முடிந்து வந்த அன்று எங்கள் கிணற்றடியில் கால் கழுவிக்கொண்டு நின்ற ஒருவர் மற்றவருக்குச் சொன்னதை என் காதால் கேட்டேன். “நல்ல பக்தியான மனுசிதான். எண்டாலும் அம்மனுக்கு நேர்த்தி வைச்சுச் சபை நிப்பாட்டின ஆளெல்லோ.”

எழுதியதைக் கிழித்துப் போட்டேன்.

பொன்னம்மா எந்த அம்மனுக்கும் நேர்த்திக்கடன் வைக்கவில்லை. வைத்தவன் நான். ஒன்பது வருஷமாக இந்த ஊர் அவள் தலையில் ஏற்றி வைத்திருக்கும் பழி என்னுடையது. மிஷன் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறவன் இப்படிச் செய்தான் என்று வெளிவந்தால் உத்தியோகம் நிலைக்காது. ஓய்வுக்கு இன்னும் மூன்று வருஷம் இருக்கிறது. யுத்தம், கூப்பன் அரிசி, பெண்பிள்ளையின் படிப்பு எல்லாம் இருக்கின்றன. இந்த வரியை எழுதும்போதே இரண்டு தரம் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

அவளைப் பற்றிச் சொல்லவேண்டும். அவளும் பயந்தவள்தான். இதை நீங்கள் நம்பமாட்டீர்கள். இடி இடித்தால் யன்னல்களையெல்லாம் சாத்திவிட்டுக் கட்டிலில் ஏறிக் குந்திவிடுவாள். மட்டத்தேள் ஒன்றைக் கண்டால் வளவு முழுக்கக் கேட்கக் கத்துவாள். ஆனால் பயத்தை ஒளிக்கத் தெரியாதவள். கலியாணமான புதிதில் ஒரு நாள், பள்ளிக்கூடத்துக்கு வந்த பெரிய வெள்ளைக்காரத் துரைக்குத் தேநீர் கொண்டுபோய்க் கொடுக்கவேண்டியிருந்தது. “இஞ்சாருங்கோ, எனக்குக் கையெல்லாம் நடுங்குது. தேத்தண்ணி சிந்தும். சிந்தினால் ஏசாதேங்கோ” என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போனாள். சிந்தியது. துரையின் காற்சட்டையில் சிந்தியது. நான் கதிரைக்குப் பின்னால் ஒளியப் பார்த்தேன். அவளோ “நடுக்கத்திலை சிந்திப் போட்டன் ஐயா” என்று சிரித்தாள். அவரும் சிரித்தார்.

அவள் செபம் பண்ணும்போது கண்ணை மூடுவதில்லை. ஓய்வுநாட் பள்ளியில் அவளிடம் படித்தவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். பிள்ளைகளைக் கண்ணை மூடச் சொல்லிவிட்டுத் தான் திறந்துகொண்டு நிற்பாள். ஏன் என்று கேட்டேன். “நான் கண்ணை மூடினால் அடுப்பிலை பால் பொங்கும், படலையாலை மாடு வரும், பெடியள் ஆளையாள் கிள்ளுங்கள். ஆண்டவருக்கு என்ரை பாடு தெரியும்” என்றாள். கலியாணமாகிப் பதினெட்டு வருஷத்தில் ஒரு நாளாவது அவள் செபம் தவறியதை நான் கண்டதில்லை. நான் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டிருப்பேன். உள்ளே என்ன நடந்தது என்று கேளாதீர்கள்.

என்னைப் பற்றியும் ஒரு சொல். நான் கொக்குவிலில் சைவக் குடும்பத்தில் பிறந்தவன். படிப்புக்கும் உத்தியோகத்துக்குமாகக் கிறிஸ்தவ வேதத்துக்கு மாறியவன் என்று ஊர் சொன்னது. ஊர் சொன்னதில் பாதி உண்மை. சின்ன வயதில் என் தாய் என்னை அம்மன் கோயிலுக்குத் தூக்கிக்கொண்டு போய் ஊட்டிய பயம் ஞானஸ்நானத் தண்ணீரில் கழுவுப்படவில்லை. எனக்கு அம்மனிலும் பயம், ஆண்டவரிலும் பயம்.

எங்கள் ஒரே பிள்ளை கிருபாமணிக்கு ஆறு வயதாயிருந்தபோது, தை மாதத்தில், மூன்று நாள் காய்ச்சல் காய்ந்து நாலாம் நாள் உடம்பெல்லாம் கொப்புளம் போட்டது. அடுத்த வளவு வள்ளிப்பிள்ளை அக்கா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தவுடனேயே கையெடுத்துக் கும்பிட்டார். “வாத்தியார், இது அம்மாள் வருத்தம். கறி தாளியாதேங்கோ. படலையிலை வேப்பிலை கட்டுங்கோ” என்றார். பொன்னம்மா வேப்பிலையை வாங்கிப் பிள்ளைக்குக் கீழே பரப்பினாள், கடித்துச் சொறிகிற இடத்தில் தடவினாள். “இலை ஆண்டவர் படைச்சது அக்கா. பிள்ளைக்குக் குளிர்ச்சியாக் கிடக்கு. படலையிலை மட்டும் கட்டமாட்டன்” என்றாள். வள்ளிப்பிள்ளை அக்கா கோபிக்கவில்லை. தானே ஒரு கொத்தைத் தன் பக்கத்து வேலியில் எங்கள் வீட்டைப் பார்க்கக் கட்டிவிட்டுப் போனார்.

டாக்டர் வந்து பார்த்தார். “கண்ணுக்குள்ளை இறங்காமல் இருந்தால் சரி” என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த ஒரு வசனம் என்னைக் கொன்றது. நிமிஷத்துக்கு ஒரு தரம் பிள்ளையின் முகத்தைக் குனிந்து பார்த்தேன். ஏழாம் நாள் இரண்டு இமையும் கொப்புளத்தால் வீங்கி ஒட்டிக்கொண்டன. மத்தியானம், வெயில் முற்றத்தில் எரிந்துகொண்டிருக்க, பிள்ளை கேட்டாள்: “அம்மா, ஏன் லாம்பு கொளுத்தேல்லை?”

பொன்னம்மா பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு முழங்காலில் நின்றாள். கண் திறந்தபடி. வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. நானும் முழங்காலில் நிற்கத்தான் போனேன். கால் என்னைப் பின்பக்கத்தால் கொண்டுபோய்விட்டது. குசினி தாண்டி, வேலிப் பொட்டுக்குள்ளால் புகுந்து பனங்காணிக்குள் இறங்கி ஓடினேன். செருப்பும் போடவில்லை. பனங்காணிகளுக்கு நடுவே இருந்த அம்மன் கோயிலில் அந்த நேரம் ஒரு குஞ்சும் இல்லை. பூட்டிய கதவுக்கு முன்னால் விழுந்து, சின்ன வயதில் என் தாய் பழக்கியபடி கையைத் தலைக்கு மேலே கூப்பி, “அம்மாளாச்சி, என்ரை பிள்ளைக்குக் கண்ணைத் தா. வெள்ளியிலை ஒரு சோடி கண் செய்து கொண்டு வந்து உன்ரை காலடியிலை வைக்கிறன்” என்று கத்தினேன். கத்தி முடிந்தவுடனே புதிதாக ஒரு பயம் பிடித்தது. இதை ஆண்டவரும் கேட்டிருப்பார் அல்லவா? இரண்டு பேருக்கும் நடுவில் என் பிள்ளை அல்லவோ கிடக்கிறாள் என்று நினைத்தேன்.

பதினோராம் நாள் ஒரு கண் திறந்தது. அடுத்த நாள் மற்றதும் திறந்தது. மணி என்னை உற்றுப் பார்த்துவிட்டு, “அப்பா ஏன் தாடி வைச்சிருக்கிறார்?” என்று தாயிடம் கேட்டாள். பொன்னம்மா அழுத அழுகையை நான் அதற்கு முன்னும் காணவில்லை, பின்னும் காணவில்லை. அடுத்த மாதம் ஆலயத்தில் எழுந்து நின்று, ஆண்டவர் என் பிள்ளையின் கண்ணைத் திறந்தார் என்று சாட்சி சொன்னாள். நீங்கள் எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தீர்கள். நான் ஆண்கள் பக்க வாங்குப் பலகையில் வேர்த்து ஒழுகிக்கொண்டிருந்தேன்.

ஊரில் செய்வித்தால் தெரிந்துவிடும் என்று சங்கானைக்குப் போய் ஒரு தட்டாரிடம் வெள்ளிக் கண் செய்வித்தேன். கொண்டுபோய் வைக்கத் துணிவு வரவில்லை. யாரேனும் கண்டால் வேலை போய்விடும். வைக்காமல் விடவும் துணிவில்லை. அம்மாள் கோபித்து, தந்ததைத் திருப்பி எடுத்தால்? மணி கண்ணைக் கசக்கினால் ஓடிப்போய் இமையை விரித்துப் பார்ப்பேன். அவள் தடக்கி விழுந்தால், “எத்தனை விரல் தெரியுது, சொல்லு” என்று கையை நீட்டுவேன். இல்லாத வருத்தத்துக்கு மூன்று தரம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். மருந்து கலக்குகிறவர் “வாத்தியாருக்குத்தான் மருந்து வேணும்” என்று பகிடி பண்ணினார்.

வெள்ளிக் கண்ணை ஒளித்து வைத்த இடத்தைக் கேட்டால் நீங்கள் சிரிப்பீர்கள். எங்கள் வீட்டில் ஒருவரும் திறக்காத தடித்த புத்தகம் எது என்று யோசித்து, வேத அகராதியின் மட்டைக்குள் செருகி வைத்தேன். ஒருவரும் என்று நான் நினைத்தது என்னை மட்டும்தான். அவள் கிழமைக்குக் கிழமை ஓய்வுநாட் பாடத்துக்கு அதைத்தான் திறக்கிறவள்.

கண்டெடுத்தவள் இரண்டு நாள் சோறு போட்டாள், தண்ணீர் வைத்தாள், அவ்வளவுதான். மூன்றாம் நாள் பின்னேரம் அதைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தாள்.

“இது எப்ப?”

“ஏழாம் நாள்” என்றேன்.

“நான் செபம் பண்ணிக்கொண்டு நிண்ட நேரமோ?”

“ஓம்.”

“அவ்வளவு பயந்தனீங்களோ?”

“ஓம்.”

“பயந்தால் என்னட்டைச் சொல்லுறதுக்கென்ன? அந்த அறைக்குள்ளை என்னையும் பிள்ளையையும் தனிய விட்டிட்டு ஓடினீங்களே! நானும்தானே பயந்து செத்துக்கொண்டு நிண்டனான்!” அப்போதுதான் அழுதாள். அம்மனிடம் போனேன் என்பதல்ல, அவளைத் தனிய விட்டுப் போனேன் என்பதுதான் அவளுடைய கோபம். அதை விளங்கிக்கொள்ள எனக்குப் பல நாள் எடுத்தது.

பிறகு கண்ணைத் துடைத்துவிட்டு, “இனி இதை என்ன செய்யிறது?” என்று கேட்டாள். கிணற்றுக்குள் போடுவோம் என்றேன். “உங்களுக்கு விசரே? பிறகு கிணத்துத் தண்ணியைக் குடிக்கவும் பயப்பிடுவீங்கள். எனக்கு அந்தக் கோயிலிலை ஒரு நம்பிக்கையும் இல்லை. உங்களுக்கு இருக்கு. கொண்டு போய் வைச்சிட்டு வாங்கோ. பிள்ளை கண்ணைக் கசக்கிற நேரமெல்லாம் நீங்கள் செத்துப் பிழைக்கிறதை என்னாலை பாக்கேலாது” என்றாள்.

“தனியப் போகப் பயமாக்கிடக்கு” என்றேன். எவ்வளவு வெட்கம் கெட்ட பேச்சு!

“அப்ப நானும் வாறன். உள்ளுக்கு வரமாட்டன். வெளியிலை நிக்கிறன்.”

பங்குனித் திங்கட்கிழமை ஒன்றில் போனோம். கோயிலடியில் பொங்கல் பானைகளும் புகையும் சனமுமாய் இருந்தது. நான் சால்வையால் தலையை மூடிக்கொண்டு கூட்டத்துக்குள் புகுந்து வெள்ளிக் கண்ணை அம்மன் காலடியில் வைத்துவிட்டு வந்தேன். அவள் ஆலயத்துக்கு உடுக்கிற அதே வெள்ளைச் சேலையோடு வீதியோரப் புளியமரத்தின் கீழே எல்லோருக்கும் தெரிய நின்றாள். ஒளிந்து நிற்க அவளுக்குத் தோன்றவில்லை. எங்கள் சபை மூப்பர் ஒருவர் திருக்கல் வண்டியில் அந்த வழியால் போனார். கூட்டத்துக்குள் போன நான் அவர் கண்ணில் படவில்லை. அவள் பட்டாள்.

அப்போதிருந்த போதகர் ஐயா அந்தக் கிழமையே எங்கள் வீட்டுக்கு வந்தார். இப்போது இருப்பவர் அல்லர். கதிரையில் இருந்துகொண்டு அவளைப் பார்த்துக் கேட்டார். “பிள்ளை, அந்தக் கோயிலடியிலை நிண்டது நீரோ?”

“ஓம் ஐயா.”

“என்னத்துக்கு?”

“ஒரு நேர்த்தி இருந்தது. மணியின்ரை கண்ணுக்கு.”

ஆர் வைத்த நேர்த்தி என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவள் பொய் சொல்லியிருக்கமாட்டாள். பெண்பிள்ளைதானே, பயத்தில் செய்துவிட்டது என்று அவராகவே முடிவுகட்டிவிட்டார். நான் இரண்டடி தள்ளிக் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ‘ஐயா, அது நான்’ என்று மூன்று சொல் சொன்னால் போதும். அவர் தேத்தண்ணி குடித்து, செபம் பண்ணி, படலை தாண்டிப் போகும்வரைக்கும் அந்த மூன்று சொல்லும் வெளியே வரவில்லை.

சபை ஆறு மாதத்துக்கு அவளை இராப்போசனத்திலிருந்து நிறுத்தியது. ஓய்வுநாட் பள்ளியையும் எடுத்துவிட்டது. அப்பத் தட்டு வாங்கு வாங்காய் வரும்போது அவள் தொடாமல் பக்கத்தில் இருப்பவருக்குக் கொடுப்பதை நீங்கள் கண்டீர்கள். அதே நேரத்தில் ஆண்கள் பக்கத்தில் நான் எடுத்து உண்டேன். எடுக்காவிட்டால் ஏன் என்று கேட்பார்களே என்ற பயத்தில் உண்டேன். ஆறு மாதமும் உண்டேன். இதைவிட மோசமான காரியம் ஒன்றை நான் என் சீவியத்தில் செய்யவில்லை.

முதல் ஞாயிறு அவளுடைய வகுப்புப் பிள்ளைகள் படலையடிக்கு வந்து, “அக்கா ஏன் வரேல்லை?” என்று கேட்டுக்கொண்டு நின்றார்கள். ஆளுக்கொரு மாம்பழத் துண்டு கொடுத்து அனுப்பிவிட்டுக் குசினிக்குள் போய்ப் புகைக்கு முன்னால் நெடுநேரம் இருந்தாள். எனக்குத் தாங்கவில்லை. “நான் போய்ச் சொல்லிப்போட்டு வாறன்” என்று சால்வையை எடுத்தேன். அது கைநழுவிக் கீழே விழுந்தது. அவள் அதை எடுத்து உதறி என் தோளில் போட்டாள். “இப்ப வேண்டாம். உங்கடை வேலை போனால் மணியை ஆர் படிப்பிக்கிறது? எனக்கு ஆறு மாதம்தான். உங்களுக்குச் சொல்லேலுமான ஒரு நாள் வரும். அண்டைக்குச் சொல்லுங்கோ” என்றாள். அதற்குப் பிறகு ஒரு தரமேனும் அந்தக் கதையை எடுத்து என்னைக் குத்திக்காட்டவில்லை. சண்டை பிடிக்கும்போதுகூட எடுக்கவில்லை. நாங்கள் நன்றாகவே சண்டை பிடித்தவர்கள்.

அந்த நாள் வராமலே ஒன்பது வருஷம் போயிற்று.

நெருப்புக் காய்ச்சலோடு ஆஸ்பத்திரியில் கிடந்தபோது கடைசி ஞாயிறு பின்னேரம் அவள் பக்கத்தில் இருந்தேன். “எனக்குப் பயமாக்கிடக்கு” என்றாள். ஆண்டவரிடம் போகிற உமக்கு என்ன பயம் என்று கேட்டேன். “ஆண்டவரைத் தெரியும். போற வழி தெரியாதே” என்றாள். பயப்படாதையும் என்று சொன்னேன். உலர்ந்த உதட்டோடு சிரித்துவிட்டு, “ஆர் சொல்லுறது எண்டு பாருங்கோ!” என்றாள். அதுதான் அவள் என்னோடு கடைசியாகக் கதைத்தது.

இதுவரை எழுதியதை முதலில் மணிக்குத்தான் காட்டினேன். அவளுக்கு இப்போது பதினைந்து வயது, விடுதியில் தங்கிப் படிக்கிறாள். போதகரையும் பள்ளிக்கூடத்தையும்விட எனக்கு அவளிடம்தான் கூடப் பயம். தன் கண்ணுக்காகத் தாய் பழி சுமந்தாள், தகப்பன் பார்த்துக்கொண்டு இருந்தான் என்று தெரிந்தால் இனி என் முகத்தில் விழிப்பாளோ? அவள் வாசிக்கும்போது நான் முற்றத்துக்குப் போய்விட்டேன். வாசித்து முடித்துக் கடதாசியை மடித்துக்கொண்டு வெளியே வந்தாள்.

“இது எனக்குத் தெரியும் அப்பா” என்றாள்.

நான் கிணற்றுக்கட்டில் இருந்துவிட்டேன். எப்போதிருந்து என்று கேட்டேன்.

“போன தவணைப் பள்ளிக்கூட விடுதலைக்கு வீட்டை வரேக்கை. விடுதியிலை ஒருத்தி என்ரை அம்மாவை நேர்த்திக்காரி எண்டு நையாண்டி பண்ணினவள். வந்து அம்மாவோடை சண்டை பிடிச்சனான். அப்பதான் சொன்னவ.”

“என்ன சொன்னவ?”

“‘அப்பா பயந்தவர், ஆனால் கட்டாயம் சொல்லுவார். அவர் தானாச் சொல்லுமட்டும் நீ தெரிஞ்ச மாதிரிக் காட்டிக்கொள்ளாதை, பாவம்’ எண்டு சொன்னவ.”

தாயின் வேதப்புத்தகத்தை மணி எடுத்துக்கொண்டாள். சேலைகளைப் பொன்னம்மாவின் தங்கைமாருக்குக் கொடுத்துவிட்டோம். ஒன்பது வருஷம் வாய் திறவாத ஒருவனைப் பற்றி, ‘கட்டாயம் சொல்லுவார்’ என்று அவள் தன் மகளிடம் சொல்லியிருக்கிறாள். எனக்கென்று நான் வைத்திருப்பது அந்த வார்த்தை ஒன்றுதான்.

போதகர் ஐயா, சபையாரே, சபைப் புத்தகத்தில் எஸ்தர் பொன்னம்மா என்று எழுதி அதற்கு நேரே ஒழுங்கு நடவடிக்கை என்று ஒரு வரி இருக்கிறது. அவளுடைய பெயரை வெட்டிவிட்டு அந்த இடத்தில் என்னுடைய பெயரை எழுதுங்கள்.